உச்சி ஒன்று என்றார் வாத்தியார்

எங்கள் கணக்கு வாத்தியாருக்கு எண்பது தாண்டிவிட்டது என்றும், பள்ளிக்கூட மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு மலர் வெளியிடப் போகிறோம் என்றும் வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஏழாம் வகுப்பில் ஒன்றாக இருந்தவர்கள் ஆளுக்கொரு நினைவுக் குறிப்பு தரவேண்டுமாம். இனிமையான நினைவாக இருக்கவேண்டுமாம். ஒருவர் அவருடைய வெள்ளை வேட்டியைப் பற்றி எழுதிவிட்டார். இன்னொருவர் அவருடைய கையெழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கையெழுத்து அழகுதான், நான் மறுக்கவில்லை. அந்த அழகான கையெழுத்தில் அவர் கரும்பலகையில் எழுதிய ஒரு பிழையைப் பற்றி நான் எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

உங்களில் பலருக்கு என் பெயர் மறந்திருக்கும். 'மலைநாட்டுப் பிள்ளை' என்றால் நினைவு வரும். கடைசி வாங்கில், அரைச்சுவரோடு ஒட்டி இருப்பேன். மழை சாய்ந்து அடித்தால் முதலில் நனைவது என் கொப்பிதான். யாரும் அந்த இடத்தை எனக்கு ஒதுக்கவில்லை. நான் வந்தபோது அங்கேதான் இடம் இருந்தது, அவ்வளவுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

தேயிலைத் தோட்டத்தில் பஞ்சம் வந்தபோது அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார். உருத்திரபுரத்துப் பக்கம் ஒரு கமக்காரர் தன் வயலில் வேலை தந்து, வளவின் பின்பக்கம் வாய்க்காலோரம் குடிசை போடவும் விட்டார். மண் சுவர், கிடுகுக் கூரை. அம்மா மலையிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கம்பளி ஒன்று கொடியில் தொங்கும். வன்னி வெக்கையில் அதை யார் போர்ப்பது? ஆனாலும் அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. பக்கத்தில் போனால் புகையும் ஈரத் தேயிலையும் சேர்ந்த ஒரு மணம் வரும். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் எந்த மரத்தடியில் அதை விட்டோம் என்று தெரியவில்லை.

அந்த வருசம் மாரி முந்தியே பிடித்துவிட்டது. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்ற கதை வகுப்புக்கே வந்தது. நான் யூரியாப் பையை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் நடந்து வருவேன். பையின் உள்பக்க நெடி மூக்கில் ஏறும். கண் எரியும். அதைக் கழற்றி அரைச்சுவரில் போட்டால், "மணக்குது, அங்கால எறி" என்று யாராவது சொல்வீர்கள். சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

அந்த மாரியில்தான் புதுக்கணக்கு வந்தது. வாத்தியார் வட்டிக் கணக்கிலும் இலாப நட்டத்திலும் சூரர். பாவம், திண்ம உருவங்கள் அவருக்கும் புதிது. புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை. பட்டணத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் எழுதிக்கொண்டு வந்ததை வைத்துத்தான் படிப்பித்தார். சதுரமுகி, கனவுரு எல்லாம் நன்றாகத்தான் போயின. சவர்க்காரக் கட்டியைத் தூக்கிக் காட்டி, "இது முகம், இது விளிம்பு, இந்த மூலையளுக்குப் பேர் உச்சி. முகம் ஆறு, விளிம்பு பன்னிரண்டு, உச்சி எட்டு" என்றார். நான் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக வந்தது. எண்ணியது சரியாக வருவதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது. வேறு எதுவும் எங்கள் வீட்டில் அப்படிச் சரியாக வந்ததில்லை.

பிறகு பிரமிட் போல மேலே கூராக முடிகிற கூம்பகம் செய்துகொண்டு வரச் சொன்னார். கமக்காரரின் மகள் என் வகுப்புத்தான், என் சிநேகிதியும் அவள்தான். அவர்கள் வீட்டுக் குசினிக்குள் நான் போவதில்லை. அதனால் அவள்தான் வாய்க்கால் கரைக்கு வருவாள். தென்னோலை ஈர்க்குகளை ஒரே அளவாக முறித்து, களிமண்ணை மூலைக்கு ஒன்றாக உருண்டை பிடித்து, உருண்டைகளில் ஈர்க்கைக் குத்திக் கூம்பகம் செய்தோம். முதலில் முக்கோண அடி. நாலு உருண்டை, ஆறு ஈர்க்கு. பழைய கொப்பித் தாளை வெட்டிச் சோற்றுப் பசையால் ஒட்டினால் முகம் நாலு. அடுத்தது சதுர அடி. ஐந்து உருண்டை, எட்டு ஈர்க்கு, ஐந்து முகம். ஐங்கோண அடிக்கு ஆறு உருண்டை, பத்து ஈர்க்கு, ஆறு முகம்.

அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது.

"இங்க பாரு, முகமும் உச்சியும் எப்பவும் ஒண்ணாத்தான் வருது" என்றேன்.

"வந்தா என்னடி?"

"அடியில எத்தன மூலையோ அதோட ஒண்ணு. ஈர்க்கு அந்த மூலையப் போல ரெண்டு மடங்கு. ஆறு மூலை வச்சா ஏழு, பன்னெண்டு, ஏழு வரும். செய்யாமலே சொல்றேன்."

"உனக்கு விசரடி" என்றாள் அவள். ஆனாலும் எனக்காகக் குந்தியிருந்து ஆறு மூலையில் ஒன்று செய்தாள். ஏழு உருண்டை. பன்னிரண்டு ஈர்க்கு. நான் சேற்றில் குதித்த குதியில் அவளுடைய பாவாடை முழுக்கச் சேறு. அதற்கு அவள் வீட்டில் பேச்சு வாங்கினாள். ஒருவரும் சொல்லித்தராத ஒன்றை நானாகக் கண்டுபிடித்திருந்தேன். அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. மகன் பிறந்த நாளைத் தவிர என்று சொல்லலாம்.

மறுநாள் வகுப்பில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கவேண்டும். வாத்தியார் கரும்பலகையில் சதுரக் கூம்பகத்தைக் கீறினார். பக்கத்தில் எழுதினார்: முகம் 5, விளிம்பு 8, உச்சி 1.

நான் எழும்பினேன். "சேர், உச்சி அஞ்சுங்க."

'அஞ்சுங்க' என்றதும் நீங்கள் சிரித்தீர்கள். வாத்தியாரும் சிரித்தார். அதுவரை அவர் கோபமாக இல்லை.

"உச்சி எண்டா என்ன பிள்ளை? உன்ரை தலையிலை உச்சி எத்தினை? நிலத்திலை கிடக்கிறதை ஆரும் உச்சி எண்டு சொல்லுவினமோ? மேலை நிக்கிறதுதான் உச்சி. கீழை இருக்கிறது வெறும் மூலை."

"அப்ப சதுரமுகிக்கு எட்டு உச்சின்னு நீங்கதானே சேர் சொன்னீங்க? அதுலயும் நாலு கீழதானே இருந்துச்சு?"

சிரிப்பு நின்றது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அத்தோடு நான் வாங்கில் இருந்திருக்கவேண்டும் என்று பிறகு எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். ஏன் இருக்கவேண்டும்? நான் என் ஈர்க்குக் கூம்பகத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனேன். "இப்பிடிச் சரிச்சு வச்சா, சேர்? இப்ப இந்த உருண்டதான் மேல நிக்குது. அப்ப உச்சி மாறிப்போச்சா?"

நான் உண்மையாகவே கேட்டேன். அதில் நக்கல் இல்லை. எனக்குப் பதில் வேண்டியிருந்தது.

அவர் கூம்பகத்தை என் கையிலிருந்து பறித்து அலுமாரிக்கு மேலே வைத்தார். "தோட்டக்காட்டிலையிருந்து வந்து எனக்குக் கணக்குப் படிப்பிக்கிறியோ? போ வெளியிலை. தாவாரத்திலை நில்" என்றார்.

தாவாரத்தில் கூரைத் தண்ணீர் என் தலையிலேயே விழுந்தது. உள்ளே நீங்கள் எல்லோரும் 'உச்சி ஒன்று' என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். வெண்கட்டி கரும்பலகையில் உரசும் சத்தம் மழைக்குள்ளும் கேட்டது. அலுமாரிக்கு மேலே கூரை ஒழுக்கு. சில நாட்களில் களிமண் கரைந்து, ஈர்க்குகள் மட்டும் சிதறிக் கிடந்தன. கூட்டுகிறவர் அள்ளிக்கொண்டு போனார்.

பிழை விடாத மனிதர் இல்லை. உச்சி என்ற சொல்லும் அவரை ஏமாற்றியது. தலையுச்சி, மலையுச்சி என்றெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வாய்க்குக் கீழ்மூலையை உச்சி என்று சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். என் கோபம் அதற்கில்லை. பிறகு நடந்ததற்கு.

எங்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மேலே படிக்கப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். எங்கள் பக்கத்துக்கு பஸ் இல்லை. உங்களுக்கு அங்கே மாமா, சித்தப்பா என்று யாரோ இருந்தார்கள். தங்கிப் படித்தீர்கள். எனக்கு வன்னியில் அப்பா அம்மாவைத் தவிர ஒரு சொந்தம் இல்லை. அந்த வருசம் பெரிய பள்ளிக்கூடத்து விடுதியில் எங்கள் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கு இலவசமாக இடம் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் பள்ளிக்கூடமே சோதனை வைத்து, திருத்தி, முதலாவதாக வந்தவளின் பெயரை அனுப்பவேண்டும். அதைக் கேட்ட நாள் தொடக்கம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

கணக்குச் சோதனையில் அதே கேள்வி வந்தது. சதுரக் கூம்பகத்தின் முகங்கள், விளிம்புகள், உச்சிகள் எத்தனை?

ஒன்று என்று எழுதினால் புள்ளி கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன். என் கையால் பிடித்த ஐந்து உருண்டைகளை எப்படி ஒன்று என்று எழுதுவது? ஐந்து என்றே எழுதினேன். திருத்தியவர் அவர்தான். அந்த இடத்தில் சிவப்பில் ஒரு வெட்டு.

அந்த ஒரு கேள்வியால் நான் இரண்டாவதாக வந்தேன். முதலாவது என் சிநேகிதி.

வாய்க்கால் கரையில் அவளிடம் கேட்டேன். "நீதானே என்னோட உருண்ட பிடிச்ச? உனக்குத் தெரியும்தானே?"

"எனக்கும் அஞ்சு எண்டு தெரியும். சேர் ஒண்டு எண்டவர். ஒண்டு எண்டு எழுதினனான். சோதினை திருத்திறது சேர்தானே?"

அவளில் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் குழுவில் இருந்துகொண்டு, தூர தேசத்திலிருந்து இதை அவளும் வாசிப்பாள். நீ உன் அப்பாவிடம் போய், இடத்தை எனக்குக் கொடுக்கச் சொல்லி அழுததும் எனக்குத் தெரியும், பிள்ளை. அவர் சிரித்துவிட்டு உனக்கு ஒரு ட்ரங்குப் பெட்டி வாங்கித் தந்தார். பன்னிரண்டு வயதில் நீ வேறு என்ன செய்திருக்க முடியும்? பெரியவர்கள் செய்திருக்க முடியும்.

அப்பா எங்கள் பள்ளிக்கூடத்து அதிபரிடம் போனார். அதுவரை அவர் அந்தப் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. தோய்த்த சட்டையை ஈரத்தோடே போட்டுக்கொண்டு, வீட்டில் மிச்சமிருந்த கூம்பகம் ஒன்றை வாழையிலையில் பொதிந்து கையில் எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அதிபர் கதிரையில் இருந்தார். அப்பாவை இருக்கச் சொல்லவில்லை. அப்பாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

அதிபர் கூம்பகத்தைக் கையில் வாங்கினார். ஒவ்வொரு உருண்டையாக விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை எழுதினதுதான் சரி" என்றார்.

கூம்பகத்தைத் திருப்பி அப்பாவின் கையில் கொடுத்தார்.

"ஆனால் இனி ஒண்டும் செய்யேலாது. பேர் அனுப்பியாச்சு. அதோடை வாத்தியாரைப் பிள்ளையளுக்கு முன்னாலை நான் குறைச்சுக் கதைக்கேலாது. கமக்காரரும் சந்தோசமாய் இருக்கிறார். அவர்ட காணியிலைதானே நீங்கள் இருக்கிறியள்? வீணா ஏன் மனத்தாங்கல்? உங்கடை பிள்ளை கெட்டிக்காரி. எங்கை விட்டாலும் முன்னுக்கு வருவாள்."

"சரிங்க ஐயா. ரொம்ப நன்றிங்க" என்றார் அப்பா.

நன்றி! எதற்கு நன்றி? வழி முழுக்க நான் அவரை விட்டு எட்டியே வந்தேன். அவரோ மழையைக்கூடக் கவனிக்காமல் நடந்தார். வீட்டு வாசலிலேயே அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா? பெரிய ஐயா வாயாலயே சொல்லிட்டாரு. நம்ம புள்ள எழுதுனதுதான் சரியாம்" என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"சரின்னு சொன்னவரு ஏன் மாத்தல?" என்றாள் அம்மா.

"அது... பேரு போயிருச்சாம்."

"அப்ப எதுக்குச் சொன்னாரு?"

அன்று அம்மா அடுப்பை மூட்டியும் ஒன்றும் வைக்கவில்லை. நான் அப்பாவைப் பார்த்து, "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க போயிருக்கவே கூடாது" என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே கால் கழுவினார். அடுத்த சொல் அவர் அதிபரிடம் பேசியிருந்தால், அது கமக்காரரின் மகளுக்குக் கிடைத்த இடத்தைப் பறிக்கக் கேட்டதாக ஆகியிருக்கும். குடிசையும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். அதிபர் 'காணி' என்ற ஒரு சொல்லால் அவருடைய வாயை அடைத்துவிட்டார். அப்படி அடைத்ததென்று எனக்கு விளங்க இத்தனை வயது ஆனது. அந்த அதிபருடைய படத்துக்கும் நீங்கள் மண்டபத்தில் மாலை போட்டிருக்கிறீர்கள்.

தவணை முடிகிற நேரம் புத்தகம் வந்து சேர்ந்தது. புது மைவாசத்தோடு வாங்குக்கு ஒன்று தந்தார்கள். நான் அந்தப் பக்கத்தை உடனே எடுத்துவிட்டேன். உச்சிகள் ஐந்து. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல வாசித்தார். "எழுதுங்கோ. சதுரக் கூம்பகம். முகம் அஞ்சு, விளிம்பு எட்டு, உச்சி அஞ்சு. முந்தி எழுதினதை வெட்டி விடுங்கோ."

நான் எழும்பினேன். "அப்ப என் புள்ளி, சேர்?"

"அது முடிஞ்ச கதை. இரு."

நான் இருக்கவில்லை.

"இரு எண்டு சொன்னனான்."

நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் கணக்குப் பாடத்திலும் நின்றேன். அதற்கடுத்த நாளும். எட்டாம் வகுப்பிலும் அவர்தான் கணக்கு வாத்தியார். அவர் உள்ளே வந்தால் எழும்புவேன், அவர் வெளியே போனபிறகுதான் இருப்பேன். கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே எழுதினேன். அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கணக்கில் நான்தான் கடைசிவரை முதலாவது. அதை யாராவது உங்கள் மலரில் எழுதினீர்களா?

எட்டாம் வகுப்பு முடிந்தது. அடுத்த போகத்துக்கு அம்மாவோடு களை பிடுங்கப் போனேன். 'எங்கை விட்டாலும் முன்னுக்கு வருவாள்' என்றாரே, எங்கே விட்டார்கள் என்று பாருங்கள். வயலில் விட்டார்கள். நான் வயல் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதில்தான் பிள்ளைகளை வளர்த்தேன், இப்போதும் கச்சான் கடலை போடுகிறேன். அது நான் தெரிந்தெடுத்ததில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் செய்தி வந்தபிறகு, எழுதுவதற்கு முன் அவரை ஒரு தடவை பார்க்கவேண்டும் போல இருந்தது. ஸ்கந்தபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று நீங்கள்தான் குழுவில் போட்டிருந்தீர்கள். பஸ் ஏறிப் போனேன். முற்றத்தில் கதிரையில் இருந்தார். மெலிந்துபோனார். வேட்டி இப்போதும் வெள்ளைதான். மருமகள் என்னைக் கூட்டிப்போய், "மாமா, உங்களட்டைப் படிச்ச ஆளாம்" என்று உரத்துச் சொன்னா.

அவர் என்னைக் கனநேரம் பார்த்தார். நான் ஊரையும் வகுப்பையும் சொன்னேன். முகம் வெளித்தது.

"ஓம், ஓம். நீ அந்த நிண்டுகொண்டு படிச்ச பிள்ளையெல்லே? உனக்கு இருக்கேலாத வருத்தம் ஏதோ இருந்தது. பாவம் எண்டு நான் ஒண்டும் கேக்கிறேல்லை."

ஒரு வருசத்துக்கு மேல் நான் காட்டிய கோபத்தை அவர் நாரிப்பிடிப்பு, இடுப்பு நோவு என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இரக்கம் வேறு பட்டிருக்கிறார்.

"நல்ல கெட்டிக்காரி நீ. கணக்கிலை விண்ணி. ஏன் பிள்ளை மேலை படிக்காமல் விட்டனீ?"

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூம்பகம், உச்சி, தாவாரம், சோதனை, விடுதி, அப்பா அதிபரிடம் போனது. கோழிகள் காலடியில் கிளறிக்கொண்டிருந்தன. மருமகள் தூணோடு சாய்ந்து நின்று கேட்டா. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை. கடைசியில் கையை விரித்தார்.

"நான் பிழையாப் படிப்பிச்சிருந்தா, நீ அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"நான் சொன்னனான், சேர்."

"என்ன?"

"மாமாவுக்குக் காது மட்டு, அக்கா" என்றா மருமகள். "கிட்டப் போய் உரத்துச் சொல்லுங்கோ."

நான் கிட்டப் போய், உரத்துச் சொன்னேன்.